பின்பக்கம் பதியும் பிக்கப்: உயர்த்துமுன் அறிய வேண்டியவை

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் பலவற்றின் வாழ்வு இன்று மூன்று இடங்களில் நடக்கிறது. குடியிருப்பது ஓரிடம், தோட்டம் செய்வது வேறோரிடம், விளைந்ததை விற்பது இன்னோரிடம். 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களுள் ஒரு பகுதியினரின் காணிகள் இன்னும் முழுமையாக விடுவிக்கப்படவில்லை. விடுவிக்கப்பட்ட இடங்களிலும் வீடு கட்டி, கிணறு இறைத்து, பற்றை வெட்டித் தோட்டத்தைத் திருத்தி முடியும்வரை இருப்பிடத்திலிருந்து காணிக்குப் போய் வரவே வேண்டியிருக்கிறது. நீரிறைக்கும் இயந்திரம், தகரம், சீமெந்து, உரம், தண்ணீர், ஆட்கள் என எல்லாவற்றையும் சுமப்பது ஒரு பழைய பிக்கப்பாகவோ, நாம் பட்டா என்று அழைக்கும் சிறு பாரவாகனமாகவோ இருக்கிறது. பல குடும்பங்கள் அதை லீசிங் கடனில் எடுத்து, மாதாமாதம் கட்டுப்பணம் செலுத்தி வருகின்றன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். இவ்வாறு ஓடிய வாகனங்களில் அதிகம் காணப்படும் குறை, பாரம் ஏற்றியதும் பின்பக்கம் பதிந்து, ஒழுங்கைக் கல்லில் அடி தட்டுவதாகும். உடனே நாம் கராஜுக்குப் போய், “பின்னுக்கு இரண்டு அங்குலம் உயர்த்தித் தாருங்கள்” என்று கேட்கிறோம். உயர்த்தலாம், அது பெரிய வேலையுமன்று. ஆனால் உயரம் வேறு, தாங்கும் வலு வேறு. பின்பக்கம் உயர்ந்து விட்டால் வாகனம் கூடுதலாகச் சுமக்கும் என்று எண்ணுவதே ஆபத்தின் தொடக்கம். இக்கட்டுரை அந்த வேறுபாட்டையும், பாதுகாப்பாக உயர்த்தும் முறைகளையும் விளக்குகிறது.

வில்லுத் தகடு செய்யும் வேலை

எமது பிக்கப் வாகனங்களின் பின் அச்சை இரு பக்கமும் வில்லுத் தகட்டுக் கட்டுகளே தாங்குகின்றன. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் பின்பக்கத்திலும் இதே அமைப்புத்தான். நீளமானதிலிருந்து குறுகியது வரை பல உருக்குத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, நடுவில் ஒரு போல்ற்றினால் இணைக்கப்பட்டிருக்கும். யூ போல்ற்றுகள் இக்கட்டை அச்சோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கின்றன. கட்டின் முன்முனை செசி என்னும் அடிச்சட்டத்தில் நேரடியாகப் பொருத்தப்பட்டிருக்கும். பின்முனை ஷக்கிள் என்னும் சிறிய இரட்டைத் தகட்டில் தொங்கும். பாரம் ஏறும்போது வில் நிமிர்ந்து நீளமாகிறது; அந்த நீளத்திற்கு இடங்கொடுக்கவே ஷக்கிள் ஆடுகிறது.

தகட்டின் வலு அதன் தடிப்பில் பெரிதும் தங்கியுள்ளது. தடிப்பு சிறிது குறைந்தாலும் விறைப்பு மிகவும் குறைந்து விடும். 8 மில்லிமீற்றர் தகடு துருப்பிடித்துத் தேய்ந்து 7 மில்லிமீற்றர் ஆனால், அதன் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. கடற்காற்றும் உப்பு மணலும் உள்ள எமது குடாநாட்டில் தகடுகளுக்கிடையே துரு சேர்வது வழமை. அத்துடன் பல ஆண்டுகள் பாரம் சுமந்த தகடு தன் வளைவையும் இழந்து விடுகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். பின்பக்கம் பதிகிறது என்று சொக் அப்சோபரை மாற்றுவோர் உண்டு. சாதாரண சொக் அப்சோபர் வாகனத்தின் பாரத்தைத் தாங்குவதில்லை. வில்லின் துள்ளலை அடக்குவதே அதன் வேலை. அதை மாற்றினால் ஆட்டம் குறையும், உயரம் கூடாது.

முதலில் அளந்து பாருங்கள்

பணத்தைச் செலவிடுமுன் ஓர் அளவுநாடாவையும் கொப்பியையும் எடுங்கள். வாகனத்தைச் சமமான சீமெந்துத் தரையில் நிறுத்துங்கள். நான்கு ரயர்களிலும் காற்று சரியாக இருக்கட்டும். சில்லின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே மட்காட்டின் விளிம்புவரை உள்ள உயரத்தை நான்கு சில்லுகளிலும் அளந்து எழுதுங்கள். அச்சுக்கும் அதற்கு மேலே செசியில் உள்ள றபர் கட்டைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்றும் பாருங்கள். பின்னர் வழமையான பாரத்தை ஏற்றி மீண்டும் அளவுங்கள்.

1. வெறும் வண்டியிலேயே ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால், அந்தப் பக்கத்தில் தகடு உடைந்திருக்கலாம் அல்லது நடு போல்ற் அறுந்திருக்கலாம். இது உடனே திருத்த வேண்டிய குறை. உயர்த்தி மறைக்கக் கூடாது.

2. வெறும் வண்டியில் இரு பக்கமும் ஒரேயளவு தாழ்ந்து, அதே வகையைச் சேர்ந்த நல்ல வாகனத்தைவிடக் குறைவாக இருந்தால், தகடுகள் களைத்து விட்டன.

3. வெறும் வண்டி சரியான உயரத்தில் நின்று, பாரம் ஏற்றியதும் றபர் கட்டையில் குந்தினால், பாரத்தின் அளவையும் அது வைக்கப்பட்ட இடத்தையும் ஆராய வேண்டும்.

பலரது வாகனங்களில் குறை மூன்றாவது வகையாகவே இருக்கும். அதற்குக் கராஜ் செலவே தேவைப்படாமலும் போகலாம்.

பாரம் இருக்கும் இடம்

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 210 சென்ரிமீற்றர் உள்ள ஒரு சிறு வாகனத்தை எடுத்துக்கொள்வோம். டாட்டா ஏஸ் இந்த அளவினது. அதில் 600 கிலோ வெங்காய மூடைகள் ஏற்றப்படுகின்றன. மூடைகளின் மொத்த எடையின் மையம் பின் அச்சுக்கு நேர்மேலே இருந்தால் 600 கிலோவும் பின் அச்சிலேயே விழும்.

அதே மூடைகளைப் பின்கதவுப் பக்கமாக அடுக்கி, மையம் அச்சுக்கு 30 சென்ரிமீற்றர் பின்னே போனால், பின் அச்சில் விழுவது ஏறத்தாழ 686 கிலோ. மேலதிக 86 கிலோ எங்கிருந்து வந்தது? துலாவைப்போல, பின்பக்கம் அமரும்போது முன்பக்கம் மேலெழுகிறது. முன்சில்லுகளில் இருந்த 86 கிலோ அழுத்தம் குறைந்து விடுகிறது. ஸ்ரியரிங் இலேசாகி, வாகனம் ஓட்டுநரின் கைக்கு அடங்காமற் போவதற்கு இதுவே காரணம்.

மூடைகளை முன்பக்கமாக நெருக்கி அடுக்கி, மையம் அச்சுக்கு 30 சென்ரிமீற்றர் முன்னே வந்தால், பின் அச்சில் விழுவது ஏறத்தாழ 514 கிலோ மாத்திரமே. மீதி 86 கிலோவை முன் அச்சு தாங்குகிறது. அதே மூடைகள், அதே வாகனம், அதே வில். அடுக்கிய முறையால் மட்டும் பின் அச்சின் சுமை 172 கிலோ குறைந்து விட்டது. ஆகவே பாரமான மூடைகளை முன்னே, ஆசனப் பெட்டியின் சுவரோடு சேர்த்து, தாழ்வாக அடுக்குங்கள். வெறுங்கூடை, இலைக்கறி போன்ற இலேசானவை பின்னே போகட்டும்.

எவ்வளவு ஏற்றுகிறோம்?

இரண்டாவது கேள்வி பாரத்தின் அளவு. பட்டா வகை வாகனங்களின் முதல் மாதிரிகள் சுமார் 750 கிலோ, அதாவது முக்கால் தொன் பாரத்திற்காகச் செய்யப்பட்டவை. உங்கள் வாகனத்தின் அளவைப் பதிவுப் புத்தகத்திலும், வாகனத்தில் பொறிக்கப்பட்ட தகட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்த எடையிலிருந்து வெறும் எடையைக் கழித்தால் ஏற்றக்கூடிய பாரம் தெரியும். ஆட்களின் எடையும் அதற்குள் அடங்க வேண்டும்.

எமது வழக்கமான பாரங்களை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 50 கிலோ சீமெந்துப் பை 15 ஆனால் 750 கிலோ. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே 1000 லீற்றர் தாங்கி நிறைந்தால் ஒரு தொன். கிணறு உவர்ந்த இடங்களுக்கும் புதிதாகக் குடியேறும் இடங்களுக்கும் இவ்வாறு தண்ணீர் கொண்டு செல்வோர் முக்கால் தொன் வண்டியில் ஒரு தொன் ஏற்றுகிறார்கள். அரைவாசி நிரப்பினால் எடை குறையும். ஆனால் தண்ணீர் அலைமோதி வளைவுகளில் வண்டியைத் தள்ளும். எனவே மெதுவாகவே செல்ல வேண்டும். பெரிய தாங்கி ஒன்றை அரைவாசி நிரப்புவதைவிட, சிறிய தாங்கிகளை நிறைய நிரப்பி நெருக்கி வைப்பது நல்லது.

மணல் இன்னும் ஏமாற்றும். ஒரு கியூப் என்பது 100 கன அடி. அதன் எடை ஏறத்தாழ நாலரைத் தொன். கால் கியூப் மணலே ஒரு தொன்னைத் தாண்டி விடுகிறது; ஈரமானால் இன்னும் கூடும். மணல், கல், சீமெந்துக் கல் போன்றவற்றுக்கு லாண்ட் மாஸ்ரர் பெட்டியையோ உழவு இயந்திரத்தையோ அன்றைக்கு வாடகைக்குப் பிடிப்பது, ஒரு முறை அச்சு முறிந்தால் ஏற்படும் செலவைவிடக் குறைவு.

உயர்த்தும் வழிகள்

அளந்து, பாரத்தையும் சரிபார்த்த பின்னரும் பின்பக்கம் தாழ்ந்திருந்தால் வில்லில் கைவைக்கலாம். வழிகளை நல்லதிலிருந்து ஆகாததுவரை வரிசைப்படுத்தித் தருகிறோம்.

1. கட்டு முழுவதையும் மாற்றுதல். அதே வாகனத்திற்கு உரிய நல்ல வில்லுத் தகட்டுக் கட்டை இரு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றுவது முதல்தரமானது. வாகனம் தன் பழைய உயரத்திற்கு வருகிறது. வேறெதையும் மாற்றத் தேவையில்லை. கழித்த வாகனத்திலிருந்து வாங்குவதானால் தகடுகளின் எண்ணிக்கை, தடிப்பு, நீளம், வளைவு நான்கையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

2. பழைய தகட்டை மீண்டும் வளைத்தல். தகடுகளைக் கழற்றித் துரு நீக்கி, மீண்டும் வளைவு கொடுக்கலாம். ஆனால் உலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்து அப்படியே ஆறவிட்டால் உருக்கின் வைரம் போய்விடும். சில மாதங்களில் மீண்டும் பதியும். காய்ச்சியதை எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, பின்னர் அளவான சூட்டில் மீண்டும் பதப்படுத்த வேண்டும். இதை அறிந்த பட்டறையிலேயே கொடுங்கள்.

3. துணைத் தகடு சேர்த்தல். ஐந்து தகடுள்ள கட்டில் அதே தடிப்புள்ள இன்னொன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கூடும். அனுமதிக்கப்பட்ட பாரத்தையே அடிக்கடி முழுமையாக ஏற்றுவோருக்கு இது பொருந்தும். லொறித் தகடு ஒன்றை இடையில் செருகுவது தவறு. 6 மில்லிமீற்றர் தகடுகளுக்கு நடுவே 8 மில்லிமீற்றர் தகடு வந்தால், அது மற்றவற்றைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு விறைப்பானது. பாரத்தின் பெரும்பங்கைத் தானே சுமந்து முதலில் அதுவே உடையும். வண்டி வெறுமையாக ஓடும்போதோ துள்ளித் துள்ளித் தக்காளியையும் வாழைக்குலையையும் நசுக்கும்.

4. ஷக்கிளை நீட்டுதல். மலிவானது என்பதால் பலரும் விரும்புவது. 4 சென்ரிமீற்றர் நீளம் கூடிய ஷக்கிள் போட்டால் வண்டி உயர்வது 2 சென்ரிமீற்றர் அளவே. ஏனெனில் உயர்வது வில்லின் ஒரு முனை மட்டும், அச்சு இருப்பதோ நடுவில். அதிகம் நீட்டினால் பின்பக்கம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அச்சும் சற்றுத் திரும்பி விடும்.

5. கட்டை வைத்தல். அச்சுக்கும் வில்லுக்கும் இடையே உருக்குக் கட்டை வைத்து நீளமான யூ போல்ற்றால் இறுக்குவது. வில் அச்சுக்கு மேலே இருக்கும் வாகனங்களில் கட்டையின் உயரமளவு வண்டி உயரும். வில் அச்சுக்குக் கீழே இருந்தால் கட்டை வைக்க வண்டி தாழும். கட்டை உயரமானால், பிரேக் பிடிக்கும்போது அச்சு வில்லை முறுக்கும் நெம்பும் கூடுகிறது. ஆகவே நடு போல்ற்றின் தலை அமரக் குழியுள்ள, இதற்கென்றே செய்த ஒற்றைக் கட்டையை மட்டும், சிறிய அளவில் பயன்படுத்தலாம். மரக்கட்டை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புத் துண்டு, குழாய்த் துண்டு ஆகியவை எக்காரணம் கொண்டும் வேண்டாம். பிரேக் பிடிக்கும் வேளையில் அவை நழுவினால் பின் அச்சே விலகிவிடும்.

6. ஒட்டுவதும் துளைப்பதும். வெடித்த வில்லுத் தகட்டை வெல்டிங் செய்வது ஆகவே ஆகாது. ஒட்டிய இடத்தின் ஓரத்தில் உருக்கு நொறுங்கும் தன்மை அடைகிறது. உடைவு அங்கேயே மீண்டும் வரும். புதிதாகத் துளையிடுவதும் அவ்வாறே.

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வராதபோது, எமது மெக்கானிக்குகள் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காட்டினார்கள். கிடைத்ததைக் கொண்டு சமாளித்த அந்தத் திறமை பெருமைக்குரியது. ஆனால் உரிய பாகம் கிடைக்கின்ற இக்காலத்திலும் சமாளிப்பையே முதல் வழியாகக் கொள்ள வேண்டியதில்லை.

உயர்த்தினால் வேறு எவை மாறும்?

பின்பக்கத்தைத் தொட்டால் முன்பக்கமும் மாறும் என்பதைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

பிரேக்: ஹைலக்ஸ் போன்ற பல பிக்கப்களில் செசிக்கும் பின் அச்சுக்கும் இடையே ஒரு கம்பியால் இயங்கும் வால்வு உண்டு. பின்பக்கம் பதிந்தால் பாரம் இருக்கிறது என உணர்ந்து பின்பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். உயர்ந்திருந்தால் வண்டி வெறுமை என்று குறைத்து விடும். நாம் பின்பக்கத்தை உயர்த்தி இக்கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், பாரம் இருக்கும்போதும் வால்வு வெறுவண்டிக்குரிய அழுத்தத்தையே அனுப்பும். பாரத்தோடு இறங்கும் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. வேலை முடிந்ததும் இதைச் சரிசெய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

விளக்கு: பின்பக்கம் 5 சென்ரிமீற்றர் பதிந்தால், 40 மீற்றர் தூரத்தில் முன்விளக்கின் ஒளி ஏறத்தாழ 95 சென்ரிமீற்றர் மேலே போகும். இரவில் ஏ-9 வீதியால் தம்புள்ளைச் சந்தைக்குப் போகும்போது எதிரே வருபவரின் கண் கூசுவது இதனால்தான். அதேயளவு உயர்த்தினால் ஒளி அவ்வளவு கீழே இறங்கும். உங்களுக்குத் தூரம் தெரியாது. எனவே உயர்த்திய பின் விளக்கையும் சரிபார்க்க வேண்டும்.

ஸ்ரியரிங்: அதே 5 சென்ரிமீற்றர் உயர்வு, முன்சில்லு நேராக ஓட உதவும் சாய்வைச் சுமார் ஒன்றேகால் பாகை குறைக்கிறது. வேகத்தில் வண்டி அலையத் தொடங்கலாம்.

குழாயும் தண்டும்: பிரேக் குழாய், கைப்பிரேக் கம்பி, சொக் அப்சோபர் ஆகியவை சில்லு முழுதும் தொங்கும் நிலையில் இழுபடாமல் இருக்க வேண்டும். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் நீண்ட தண்டின் சரிவும் மாறும். புதிதாக அதிர்வோ கடகடப்போ கேட்டால் அதன் மூட்டுகளைப் பாருங்கள்.

மாறாதவை எவை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அச்சு, சில்லுப் பேரிங், பிரேக், செசி, ரயர் ஆகியவற்றின் வலு வில்லை உயர்த்துவதால் ஒரு கிலோகூடக் கூடுவதில்லை. ரயரின் பக்கவாட்டில் அது தாங்கும் பாரத்தைக் குறிக்கும் எண் இருக்கும். உதாரணமாக 86 என்றால் ஒரு ரயருக்கு 530 கிலோ. வண்டியின் எடையில் பின்னே விழும் பங்கும் பாரமும் சேர்ந்து இரு ரயர்களின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. முன்பு வண்டி பதிந்து, “போதும்” என்று எச்சரித்தது. உயர்த்திய பின் அந்த எச்சரிக்கை இல்லாமற் போகிறது.

வேலை செய்யும்போது

ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே போகாதீர்கள். செசியின் கீழ் உறுதியான தாங்கிகள் வைத்து, முன்சில்லுகளுக்குக் கல் அணை கொடுங்கள். தகட்டுக் கட்டின் நடு போல்ற்றைக் கழற்றுமுன் கட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இல்லையேல் தகடுகள் விசையோடு தெறித்துக் கையை முறிக்கும். யூ போல்ற்றுகளைப் புதிதாகப் போடுங்கள். பாரத்தோடு ஓரிரு நாள் ஓடிய பின் மீண்டும் இறுக்குங்கள். அதன்பின் பழையபடி நான்கு சில்லிலும் உயரத்தை அளந்து கொப்பியில் எழுதுங்கள். மாரியில் வெள்ளத்திலும் உவர் நிலத்திலும் ஓடிய பின் தகடுகளை நல்ல தண்ணீரால் கழுவி விடுவது அவற்றின் ஆயுளைக் கூட்டும்.

வாகன மாற்றங்கள் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்திற்கு உட்பட்டவை. களைத்த வில்லை அதேபோன்ற வில்லால் மாற்றுவது பழுதுபார்த்தல். தொழிற்சாலை உயரத்திற்கு மேலே உயர்த்துவதானால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது புத்தி. விபத்தொன்று நேர்ந்தபின் கேள்வி வருமானால் பதில் சொல்ல வேண்டியவர் வாகன உரிமையாளரே.

மூடைக்கு மேல் ஆட்கள்

காணி துப்புரவாக்கவும் வெங்காயம் கிண்டவும் போகும் பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் பின்பெட்டியில் மூடைகளின்மேல் ஏறி இருப்பதை நாம் வழமையாகக் காண்கிறோம். உயர்த்திய வண்டியில் மூடையும் ஆட்களும் இன்னும் மேலே போகிறார்கள். எடையின் மையம் உயர உயர, வளைவில் வண்டி கவிழ்வது எளிதாகிறது; சடுதியான பிரேக்கில் மேலே இருப்பவர் வீசப்படுகிறார். பஸ் வராத இடங்களுக்குப் போக வேறு வழியில்லை என்பது உண்மை. ஆயினும் ஆட்களை ஒரு நடையாகவும் பாரத்தை இன்னொரு நடையாகவும் கொண்டு போகலாம். அயலில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து நாளையும் வாகனத்தையும் பங்கிட்டால், மேலதிக எரிபொருட் செலவையும் பங்கிட முடியும்.

சுருக்கமாகச் சொன்னால், பின்பக்கம் பதியும் பிக்கப்புக்கு மருந்து மூன்று படியானது. முதலில் பாரத்தை முன்னே நகர்த்துங்கள். அடுத்து பாரத்தைக் குறைத்துப் பாருங்கள். இரண்டும் போதாவிட்டால் வில்லை அதன் பழைய உயரத்திற்குக் கொண்டு வாருங்கள். பழைய உயரத்திற்கு மேலே போக விரும்புவோர் பிரேக், விளக்கு, ஸ்ரியரிங் ஆகியவற்றின் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். காணிக்குத் திரும்பும் குடும்பத்திற்கு அந்த ஒரு வாகனமே வண்டிலும் மாடும். அது ஒரு கிழமை கராஜில் நின்றால் வெங்காயம் வயலில் அழுகும், கட்டுப்பணம் தவறும். அளவுநாடா ஒன்றும் அரைமணி நேரமும் செலவழித்தால் இவற்றுட் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.